பூமணி அக்காவின் சணல் வடம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிள்ளையார் சுழி ஒன்றைத்தான் பிழையில்லாமல் போடத் தெரியும். போட்டுவிட்டேன். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் நீர்வேலியில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்து நார்ப்பிரிவில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள். நான் அந்தப் பிரிவில் கூலியாளாகச் சேர்ந்து, ஊறல் தொட்டிக்குப் பொறுப்பாளாக ஓய்வு பெற்றவன். பிளாஸ்ரிக் கயிற்றைக் குறைக்க வேண்டும் என்று எல்லா இடமும் கதை எழும்பிய பிறகு சணல் கயிறு கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். புதுத் தொட்டி ஒன்றும் கட்டுகிறார்கள். பிள்ளைகள் உடுவிலுக்கு என்ரை வீட்டுக்கு வந்து, "ஐயா, நீங்கள் செய்த வேலையளை எழுதித் தாங்கோ, நாங்கள் வாசிச்சுப் பழகிறம்" என்றார்கள்.

"இது வாசிச்சுப் பழகிற வேலை இல்லை மக்கள், மணந்து பழகிற வேலை" என்றேன்.

உள்ளேயிருந்து மனுசி குரல் கொடுத்தா: "ஓம் ஓம், அந்த மணத்தோடை குடும்பம் நடத்தினது நான். என்னையும் எழுதச் சொல்லுங்கோ."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் கொப்பியைத் தந்துவிட்டுத்தான் போனார்கள்.

சணலைத் தெரியாதவன் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் எங்கடை ஆட்களுக்குச் சணல் என்றால் பசளை, மண்ணுக்கு உரம். வெங்காயத்துக்கு முன்னால், புகையிலைக்கு முன்னால் தோட்டத்தில் விதைப்பார்கள். நெஞ்சளவு வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்ததும் உழவு மெசினை விட்டு மண்ணோடு மண்ணாய்ப் புரட்டிவிடுவார்கள். இப்போது பூத்த தோட்டங்களுக்குள் கலியாணச் சோடிகள் நின்று படம் எடுக்கிறார்கள். படம் எடுத்து முடிந்த கையோடு மெசின் வரும். பூத்தால் உழு என்பது எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாத பாடம்.

நாருக்கு என்றால் அந்தப் பூவைத் தாண்டிப் பொறுக்க வேண்டும். பூ கொட்டி, பிஞ்சுக் காய் பிடித்து, உள்ளே விதை முற்றாமல் இருக்கும் பதத்தில் வெட்ட வேண்டும். முந்தினால் நார் பஞ்சு போல இருக்கும், பலம் இராது. பிந்தினால் விறகு. நெருக்கமாய் விதைக்கவும் வேண்டும். இடம் கிடைத்தால் சணல் கிளை விடும், கிளை விட்ட இடத்தில் நார் அறும். இந்தச் சின்ன விசயங்களைப் பிடிக்கவே எனக்குச் சில வருசம் போனது. அந்த வருசங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெட்டினேன், கட்டினேன், சுமந்தேன், பேச்சு வாங்கினேன்.

பேச்சு நின்றது திலகவதி மிஸ் பிரிவுக்குப் பொறுப்பாய் வந்த பிறகு. மெலிந்த மனுசி. பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் வருவா. தோட்ட வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பா. படித்தவ, நார் விசயத்தில் அவவுக்குத் தெரியாதது குறைவு. ஆனால் இதைச் செய், அதைச் செய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேலை முடியும் இடத்தில் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்பா: "யோகராசா, உமக்குத் திருப்தியோ?"

ஓம் என்று சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிடுவா. அதன் பிறகு அந்தக் கயிறு அவவின்ரை பொறுப்பு. ஒருமுறை வாழைக்கு முட்டுக் கட்டக் கொடுத்த கயிற்றில் கொஞ்சம் இற்றுப்போய், வாழைத் தோட்டக்காரர் சங்கத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். மேலே இருந்தவர்கள் கேட்டபோது மிஸ், "சரி எண்டு சொன்னது நான்தான்" என்றா. என்ரை பெயரை எடுக்கவேயில்லை. வெளியே வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு வாங்கியிருந்தால் சாப்பிட்டுப் படுத்திருப்பேன். அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு 'ஓம்' என்ற சொல்லை நான் லேசில் சொன்னதில்லை.

மிஸ் ஒருமுறை ஆளி விதை கொண்டுவந்தா. வெளிநாட்டில் லினன் துணி நெய்வது அந்தச் செடியின் நாரில்தானாம். மார்கழிக் குளிரை நம்பி ஒரு பாத்தி போட்டோம். நீலப் பூ, காலையில் விரிந்து மத்தியானம் கொட்டும். அவ்வளவு அழகு. ஆனால் எங்கடை வெயில் அதை முழங்காலுக்கு மேல் வளரவிடவில்லை. குட்டையிலேயே காய் முற்றிப்போனது. அந்தக் குட்டைத் தண்டையும் மிஸ் விடவில்லை. ஊறவைத்து, உரித்து, ஒரு பிடி நார் எடுத்தோம். பட்டு மாதிரி. என்ன செய்வது அதை? நான் ஒரு திரி திரித்துப் பிள்ளையாருக்கு விளக்கேற்றினேன். நின்று எரிந்தது. யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்த ஆளி நாரில் விளக்கெரித்தவன் என்று எனக்குள்ளே ஒரு பெருமை இன்றைக்கும் உண்டு. மிஸ் பாத்தியைக் கொத்திவிட்டு, "அது குளிர்நாட்டுப் பிள்ளை. எங்களுக்குச் சணல் இருக்கு" என்றா. அவ்வளவுதான்.

இனிப் பூமணி அக்காவின் கதைக்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்டதும் உண்மையில் இதைத்தான்.

பூமணி அக்கா வடக்குக் கரைப்பக்கத்து ஊர்க்காரி. சண்டையில் ஊரே எழும்பிப் போய், காணியெல்லாம் இராணுவத்தின் கையில் கிடந்தது. அக்கா இடம்பெயர்ந்து உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் வாடகை வீட்டில் இருந்துதான் பிள்ளைகளை ஆளாக்கினா, புருசனையும் அங்கே இருந்துதான் எரித்தா. அந்த மனுசன் சாகும்போதும் "காணி விட்டிட்டாங்களோ" என்று கேட்டதாய்ச் சொல்லுவா. கடைசியில் விட்டார்கள். அக்கா போய்ப் பார்த்தபோது வீடு இல்லை; கிணறும் கிணற்றடித் தொட்டியும் மட்டும் பற்றைக்குள் கிடந்தன. அந்தத் தொட்டிக் கட்டில் இருந்துகொண்டு ஊர்க் கோயில் அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறா: 'இந்தக் காணியில் முதல் விளையிறது உனக்குத் தேர் வடம், தாயே.'

ஊர்க் கோயிலையும் அப்போதுதான் திருத்தினார்கள். புதுத் தேர் செய்துகொண்டிருந்தார்கள். ஆடியில் முதல் தேரோட்டம். கிடந்த மண்ணுக்கு முதலில் சணல்தான் போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா அந்தச் சணலையே வடமாக்கலாம் என்று என்னைத் தேடி வந்தா. நான் மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மிஸ் கேட்டா: "அக்கா, தேர் வடம் விளையாட்டில்லை. அறுந்தால் ஆக்களுக்கு மேலை விழும். தென்னந்தும்பு வடம் வாங்கிக் குடுத்தாலும் அம்மாள் ஏற்றுக்கொள்ளுவாதானே?"

"அம்மாள் ஏற்றுக்கொள்ளுவா பிள்ளை. நான் நேர்ந்தது அதில்லை" என்றா அக்கா.

"சரி, விதைப்பம்" என்றா மிஸ்.

தை கடைசியில் விதைத்தோம். நான் ஓய்வுக்கு நெருங்கிய காலம். நாற்பது காணியில் சணல் பார்த்தவன், அந்தக் காணிச் சணல் மாதிரிப் பார்த்ததில்லை. இத்தனை வருசம் ஒன்றும் விளையாத மண், உள்ளதையெல்லாம் கொடுத்தது. நேராய், கிளையில்லாமல், ஒரே உயரம். பங்குனியில் பூத்தது.

பங்குனித் திங்கட்கிழமை, அம்மாளுக்குரிய நாள். அக்கா கோயிலில் பொங்கிப் படைத்துவிட்டு, பொங்கல் பாத்திரத்தோடு காணிக்கு வந்திருக்கிறா. காணிக்குள் உழவு மெசின் சத்தம். அவவின் புருசனின் தம்பி குணம், சொந்த மெசின் வைத்து ஊரெல்லாம் உழுகிறவர், பாதிக் காணியைப் புரட்டிவிட்டார்.

அப்போது நான் வேலியோரம் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். காய் பிடிக்க இன்னும் எவ்வளவு நாள் என்று பார்க்க வந்தவன்.

"எடேய் குணம்! நிப்பாட்டடா! நிப்பாட்டு!" பாத்திரம் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

குணம் மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்கினார். "என்ன மச்சாள், பயந்திட்டியளோ? பூத்துப்போச்சு, நீங்கள் தனிய நிண்டு ஆளுக்கு அலையக் கூடாது எண்டு நானே வந்திட்டன். எனக்கு ஒண்டும் தர வேண்டாம்."

"அது வடமடா பாவி! அம்மாளின்ரை வடத்தையல்லோ உழுதுபோட்டாய்!"

குணத்தின் முகம் செத்துப்போனது. அந்த மனுசனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூத்த சணலைக் கண்டால் உழாமல் போக எங்கடை ஆட்களால் ஏலாது. அவர் செய்தது உதவி. வேறெந்த ஊரில் என்றாலும் பயிரை உழுதவன் எதிரி. எங்கள் ஊரில் அவன் சொந்தக்காரன்.

மிஸ் பின்னேரம் வந்தா. வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, உழுத பாதியை ஒரு தரம் சுற்றி நடந்தா. நிற்கிற பாதிக்குள் போய்த் தண்டைத் தடவிப் பார்த்தா. குணம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மிஸ் அவரிடம், "மிச்சத்தை உழமாட்டீர்தானே?" என்று மட்டும் கேட்டா. குணம் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்திலும் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மிஸ் என்னிடம் மெல்லச் சொன்னா: "யோகராசா, இனி ஊறல் பிழைக்கக் கூடாது. ஒரு கட்டும் பிழைக்கக் கூடாது."

ஊறல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்காக விபரமாய் எழுதுகிறேன். சணல் தண்டில் நார் வெளித் தோலில் இருக்கிறது. உள்ளே இருப்பது நெட்டி. தோலையும் நெட்டியையும் ஒரு பசை ஒட்டி வைத்திருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்க, கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் அந்தப் பசையைத் தின்னும். பசையைத் தின்று முடிக்கும்வரை அவை எங்கள் வேலைக்காரர். முடித்ததும் நாரையே தின்னத் தொடங்கும். அப்போது அவை கள்ளர். வேலைக்காரன் கள்ளனாய் மாறும் அந்த இடத்தைப் பிடிப்பதுதான் எங்கள் தொழில். வேறொன்றுமில்லை.

வெட்டிய தண்டை இலை உதிரத் தோட்டத்திலேயே கிடத்த வேண்டும். பிறகு கட்டுக் கட்டாய்க் கட்டி, முதலில் அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் நிற்க வைக்க வேண்டும். அடி தடிப்பு, நுனி மெல்லிசு. இரண்டையும் ஒன்றாய்ப் போட்டால் நுனி அழுகும்போது அடி வேகாது. அதன் பிறகுதான் முழுசாய்ப் படுக்க வைத்து மேலே பாரம் வைப்பது. பாரத்துக்கு மண் வைக்கக் கூடாது, நார் கறுக்கும். நாங்கள் பனங்குற்றி வைப்போம். ஆறு குளம் உள்ள நாட்டில் ஓடுகிற தண்ணீரில் போடுவார்களாம். எங்களுக்கு ஏது ஆறு? கேணியில் போட்டால் ஊர் அடிக்க வரும். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித்தான் வேலை. ஊறிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுவோம். அதுவும் வீண் போகாது.

காய் பிடித்ததும் நின்ற பாதியை வெட்டினோம். அக்கா தன் கிணற்றுத் தண்ணீரில், தன் தொட்டியில்தான் ஊற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றா. வளர்பிறை வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, ஐயரிடம் தீர்த்தம் வாங்கி வந்து தெளித்து இறக்கினோம். நான் காலையும் பின்னேரமும் உடுவிலில் இருந்து போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. ஏறுகிறவன் ஒரு தரம் மூக்கைச் சுளிப்பான், பிறகு எனக்கு முழு இருக்கையும் தந்துவிடுவான். வீட்டில் மனுசி கிணற்றடியிலேயே உடுப்பை மாற்ற வைத்துவிடுவா. கோயிலுக்குப் போகுமுன் இரண்டு தரம் தோய்ந்து குளித்தாலும் ஐயர் திருநீற்றை எட்ட நின்றுதான் போடுவார்.

அந்த மணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் பச்சை மணம். பிறகு பழங்கஞ்சி மாதிரிப் புளிப்பு. அந்தப் புளிப்பு ஒரு நாள் இறங்கி, கனத்த மணம் ஒன்று கிளம்பும். அது கிளம்பினால் தொட்டியை விட்டு அகலக் கூடாது. மேல் கட்டில் ஒரு தண்டு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று உருவி, நடுவால் முறித்து, நெட்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். தோல் நெட்டியை விட்டு முழு நீளத்துக்கும் சத்தமில்லாமல் கழன்று வந்தால் பதம். இடையில் எங்கேயாவது சிக்கிப் பிய்ந்தால் பதமில்லை.

ஒரு நாள் வெயில் கொளுத்தியது. நான் நினைத்ததற்கு முன்னாலேயே கனத்த மணம் வந்துவிட்டது. மூன்று தண்டையும் முறித்தேன். மூன்றும் கழன்றன. மிஸ்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து தானும் ஒரு தண்டை முறித்துப் பார்த்துவிட்டு எழும்பினா. உரிப்பதற்கு ஊர்ப் பெண்கள் வந்து கிணற்றடியில் கூடிவிட்டார்கள். நான் மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கப் போகிறேன், அக்கா குறுக்கே வந்து நின்றா.

"தம்பி, இண்டைக்கு வேண்டாம். இண்டைக்குக் கரிநாள்."

நானும் கரிநாளில் ஒரு செருப்புக்கூட வாங்காதவன். அன்று பஞ்சாங்கம் பார்க்க மறந்துபோனேன்.

"அம்மாளுக்குரிய சாமான். கரிநாளிலை கை வைக்கக் கூடாது. விடியட்டும், நாளைக்கு எடுப்பம்."

பெண்கள் எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவவும் விரதம் பிடிக்கிறவதான்.

"அவவின்ரை நேர்த்திக்கடன். உம்முடைய ஊறல்" என்றா மிஸ். "நாளைக்கு எடுத்தால் நார் என்ன மாதிரி இருக்கும், அதை மட்டும் சொல்லும்."

"நாளைக்கும் நார் இருக்கும் மிஸ். பலம் இராது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வடமாய் முறுக்கி, தேரிலை கட்டி, ஆக்கள் இழுக்கேக்கைதான் தெரியும்."

அக்கா தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. ஒரு பக்கம் நேர்த்தி, மறுபக்கம் கரிநாள். இரண்டும் அம்மாளுடைய விசயம். நான் தொட்டிக் கட்டில் இருந்துகொண்டு மனசுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, தொட்டியிலை இறக்கினது நல்ல நாள், நல்ல நேரம். தொடக்கம் அம்மாளின்ரை நேரத்திலை நடந்திட்டுது. இது இப்ப பிள்ளை பிறக்கிற நேரம். பிள்ளை பஞ்சாங்கம் பாத்தோ பிறக்கும்?"

அக்கா மெல்ல, "என்ரை மூத்தவள் அட்டமியிலை பிறந்தவள்" என்றா.

"இப்ப எப்பிடி இருக்கிறா?"

"கனடாவிலை. நல்லாத்தான் இருக்கிறாள். என்னோடை கதைக்கத்தான் நேரமில்லை."

கிணற்றடியில் ஒருத்தி 'களுக்' என்று சிரித்தாள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அம்மாளாச்சி, பிழையெண்டால் என்னோடை போகட்டும்" என்று சொல்லி, எனக்கு முன்னமே தொட்டிக்குள் இறங்கிவிட்டா.

அன்று வெயில் சாய்வதற்குள் எல்லாக் கட்டையும் உரித்துக் கழுவினோம். கைகள் வெளுத்துத் தோல் சுருங்கிப்போயின. கழுவிய நாரை வேப்பமர நிழலில் கொடி கட்டிக் காயப் போட்டோம். கடும் வெயிலில் போட்டால் முறுகும். காற்றில் அது ஆடியபோது நரை விழுந்த கூந்தல் மாதிரி மினுங்கியது. மிஸ் ஒரு பிடி எடுத்துக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தா. கை சிவந்தது, நார் அறவில்லை.

"உமக்குத் திருப்தியோ?"

"ஓம் மிஸ்." அதைப்போல நெஞ்சு நிறைந்து நான் ஓம் சொன்ன நாள் வேறு இல்லை.

ஆனால் பாதிக் காணி பாதிக் காணிதான். எங்கள் பிரிவில் கயிறு முறுக்குகிறவர் சூசை அண்ணை, கொழும்புத்துறையில் முன்னர் கடலுக்குப் போனவர். அவர் நாரை நிறுத்துப் பார்க்காமல், கையால் அளைந்தே சொல்லிவிட்டார்: "தேர் வடத்து மொத்தத்துக்கு முறுக்கினால் அரை வடம் வரும். நீளம் வேணுமெண்டால் மெல்லிசாய்த்தான் வரும். மெல்லிசு மாடு கட்டப் போதும், அம்மாளுக்குக் காணாது."

தென்னந்தும்பைக் கலந்து முறுக்கலாமா என்று கேட்டேன். மிஸ் மறுத்துவிட்டா. தும்பு இழுபட்டு நீளும், சணல் நீளாது. ஒன்றாய் முறுக்கினால் பாரம் முழுக்கச் சணலில் விழுந்து அது முதலில் அறும், பிறகு தும்பு அறும். சூசை அண்ணையும் தலையை ஆட்டினார். ஒழுங்கை நீளத்துக்கு நடந்து நடந்து மூன்று புரியில் முறுக்கி, அரை வடமாகவே முடித்தார்.

கோயில் தர்மகர்த்தா அதைப் பார்த்தார். நல்ல மனுசன்தான், ஆனால் முதல் தேர் என்று பயந்துபோய் இருந்தார். தும்பு வடம் இரண்டு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். "அரை வடத்தை வைச்சு என்ன செய்யிறது பூமணி? நேர்த்திக்கு ஒரு ஓரமாய்த் தேரிலை சும்மா சுத்திவிடுவம். அம்மாளுக்கு மனம் தெரியும்" என்றார்.

"சும்மா சுத்திவிட நான் நேரேல்லை ஐயா. இழுக்கத்தான் நேர்ந்தனான்" என்றா அக்கா. குரல் உயரவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது. இத்தனையும் செய்து கடைசியில் அலங்காரக் கயிறாய்ப் போகப் போகிறது.

மிஸ் தர்மகர்த்தாவிடம் கேட்டா: "ஐயா, வடத்திலை ஆகக் கூடின பாரம் எந்த இடத்திலை விழும்?"

அவர் யோசித்தார். சூசை அண்ணை முந்திக்கொண்டார். "கரைவலை இழுக்கிறவனிட்டைக் கேளுங்கோ. முன்னுக்கு நிக்கிறவன்ரை இடத்திலை அவன் ஒருத்தன்ரை பலம்தான். பின்னாலை வர வர எல்லாற்றை பலமும் சேரும். வலையோடை கட்டின துண்டுதான் அத்தனை பேரையும் தாங்கும். நாங்கள் நல்ல கயிறை அங்கைதான் போடுவம்."

"அப்ப தேரோடை கட்டிற துண்டு சணலாய் இருக்கட்டும்" என்றா மிஸ். "அதுக்கு முன்னாலை தும்பு வடத்தை மாட்டுவம்."

தர்மகர்த்தா வேர்த்துப்போனார். "மாட்டின இடம் அறுந்தால்?"

"அறாது" என்றார் சூசை அண்ணை. "இரண்டு நுனியிலையும் வளையமாய்க் காது வைச்சு, காதுக்குள்ளை காது கோத்துப் பிணைச்சுத் தாறன். நான் சிலுவை போடுற வேதக்காரன், என்ரை முடிச்சு உங்கடை அம்மாளுக்கு ஆகாதெண்டால் சொல்லுங்கோ."

"அம்மாளுக்கு ஆகும். அறுந்தால் எனக்குத்தான் ஆகாது" என்றார் தர்மகர்த்தா.

இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன் என்று நின்றார். அது நியாயம். எதைக் கொண்டு இழுப்பது? குணம்தான் முன்னுக்கு வந்தார். உழுத நாளிலிருந்து மச்சாளின் முகத்தைப் பார்க்காமல் திரிந்த மனுசன். கோயில் வீதிப் புளியமரத்தில் சணல் நுனியைக் கட்டி, பிணைச்சலுக்கு அங்கால் தும்பு வடத்தை மெசினில் மாட்டினோம். ஊரே கூடி நின்றது. ஒருத்தன், "குணம் அண்ணை, மரத்தை உழுதுபோடாதையுங்கோ!" என்று கத்தினான். குணம் சிரிக்கவில்லை. மெல்ல இழுத்தார். வடம் விறைத்து எழும்பியது. இன்னும் இழுத்தார். மெசினின் சில்லு நின்ற இடத்தில் சுற்றி மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கியது. தும்பு வடம் கிறீச்சிட்டது. சணல் துண்டு அசையாமல் நின்றது. குணம் மெசினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, சணலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "மச்சாள், மற்றப் பாதியையும் விட்டிருந்தன் எண்டால்..." என்று தொடங்கி முடிக்கவில்லை. அக்கா, "போடா, போய் மெசினைத் தூக்கு" என்றா. அவர்களுக்குள் எல்லாம் அதோடு சரியாய்ப் போனது.

எங்கள் பக்கம் தேருக்கு இரண்டு வடம். வலப்பக்கம் ஆண்கள் இழுப்பார்கள், இடப்பக்கம் பெண்கள். தர்மகர்த்தா சணலை வலப்பக்கம் கட்டத்தான் நினைத்திருந்தார். பாரம் அங்கேதானே என்றார். உரித்த பெண்கள் விடவில்லை. "தொட்டிக்குள்ளை இறங்கேக்கை எந்த ஆம்பிளை வந்தவர்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வந்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன், மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். சணல் இடப்பக்கம் போனது.

தேர் அன்று எனக்கு ஒரு வேலை தந்தார்கள். பிணைச்சலுக்குப் பக்கத்திலேயே நடந்து அதைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். புரி இளகினால் கை காட்ட வேண்டும்; சங்கு ஊதித் தேரை நிறுத்துவார்கள். அம்மாள் தேரில் ஏறினபோது நான் குனிந்து வடத்தின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் உடைத்தார்கள். அரோகரா எழும்பியது. முதல் இழுப்பில் தேர் அசையவில்லை. புதுச் சில்லு, புது வீதி, மணல். சணல் மட்டும் விறைத்து, வீணைக் கம்பி மாதிரி அதிர்ந்தது. இரண்டாம் இழுப்பில் அம்மாள் நகர்ந்தா.

இடப்பக்கம் பெண்கள் இழுத்த இழுவையில் தேர் அந்தப் பக்கமே சாயப் பார்த்தது. தேரில் நின்ற ஐயர், "ஆம்பிளையள் பக்கம் இளகிக் கிடக்கு, இழுங்கோ!" என்று கத்த வேண்டி வந்தது. சந்தி சந்தியாய்ச் சூசை அண்ணை ஓடி வந்து பிணைச்சலைத் தடவிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனார். வீதி முழுக்க நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பூமாரி பொழிந்தது, தலையில் விழுந்ததைத் தட்டினேன், அவ்வளவுதான். கண் புரியை விட்டு அகலவில்லை. ஒரு இழைகூட எழும்பவில்லை.

தேர் வீதி சுற்றித் தன் இருப்பிடத்துக்கு வந்து சில்லுக்குக் கட்டை போட்ட பிறகுதான் கண்ணை எடுத்தேன். பெண்கள் வடத்தை நிலத்தில் வைத்துவிட்டு அதையே தொட்டுக் கும்பிட்டார்கள். மிஸ் கூட்டத்துக்குள் எங்கேயோ நின்று கை கூப்பிக்கொண்டிருந்தா. பூமணி அக்கா முழுத் தூரமும் வடத்தை விடாமல் வந்தவ. உள்ளங்கை உரிந்து சிவந்திருந்தது. அந்தக் கையை எனக்கு விரித்துக் காட்டினா.

"பாத்தியே தம்பி? இத்தனை வருசம் பூட்டிக் கிடந்த காணி. தேரை இழுத்துக்கொண்டு வந்து விட்டிட்டுது."

சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அன்று முதல் தடவையாய் அம்மாளின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.